குண்டு போடாத துப்பாக்கி

என் வீட்டு பீரோவில் எட்டு ஏர்கன் இருக்கின்றன. அதில் ஏழுதான் சுடும். மீதி ஒன்று ஏன் சுடாது என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு முன்னால் கேட்க அவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. "சாருக்கு வேட்டையா?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்பார்கள். அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவர். கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுகிறவர். "இல்லைங்க, என்னோடது" என்று நான் சொன்னால், "ஓ, மேடம் ஷூட்டிங் போவீங்களா?" என்பார்கள். நான் எதையும் சுடுவதில்லை, பழைய ஜெர்மன் ஏர்கன்களைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்றால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அடுத்து வருவது லைசென்ஸ். இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் பாலக்கரை அபார்ட்மெண்ட் செயலாளர் மாடியேறி வந்து, "ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதாகோயில் வாசலில் நிற்கும்போது கூட விடுவதில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அமுக்கிய ஸ்பிரிங்கில் ஆற்றல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று வகுப்பில் காட்டுவதற்காக, மலைக்கோட்டைக்குக் கீழே பழைய சாமான் விற்கும் ஒரு சந்துக் கடையில் முதல் ஏர்கன்னை வாங்கினேன். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் கதை. வீட்டில் அதை மரக்கட்டையிலிருந்து கழற்றியபோது, மரம் மூடியிருந்த இரும்பின் அடியில் இரண்டு சின்ன எண்கள் அடித்திருந்தன. மாதமும் வருஷமும். வாங்குகிறவன் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், எங்கோ ஜெர்மனியில் ஒரு தொழிலாளி கோணாமல் பொறுமையாக அடித்திருக்கிறான். அந்த ஆளின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பைத்தியம் பிடித்தது அன்றுதான்.

பைத்தியம் எனக்கு மட்டும் என்றுதான் ஊர் நினைக்கிறது. நான் சொல்கிறேன், ஊருக்குத்தான் பைத்தியம், பளபளப்புப் பைத்தியம். நூறு வருஷத்துக் கம்பெனி முத்திரையைத் தேடி நான் போனால், கடைக்காரர் முந்தின நாளே அதை இழைத்துத் தள்ளி, "கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வச்சிருக்கேன் பாருங்க மேடம்" என்று பெருமையாக நீட்டுவார். துறையூரில் ஒருவர் வாசல் கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய சில்வர் பெயிண்ட்டைத் துப்பாக்கிக்கும் அடித்துவிட்டார், கட்டை உட்பட. ஜீயபுரத்தில் ஒரு வாழைத்தோப்பு வீட்டில் குழலை மட்டும் கழற்றி வெந்நீர் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள். "மிச்சமெல்லாம் எங்கங்க?" என்றேன். "மிச்சம் எதுக்குங்க?" என்றார்கள்.

போலிகள் தனி வயிற்றெரிச்சல். நம் ஊர்ப் பட்டறைகளில் செய்து, மேலே ஜெர்மன் எழுத்தை அடித்து விற்ற துப்பாக்கிகள் ஏராளம். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, திருகாணித் தலையின் பள்ளம் நடுவில் ஓடுகிறதா, கட்டை எந்த மரம் என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைக்காரர், "ஒரிஜினல் ஜெர்மன்தான் மேடம், எங்க தாத்தா காலத்துது" என்பார். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் ஐந்து இருக்கும்.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரியில் கணிதம் நடத்தும் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில், "எங்க பெரியப்பா ஆத்துல ஒண்ணு இருக்கு. கொரங்கு ஓட்டறதுக்கு வச்சிருக்கார்" என்றார். அடுத்த சனிக்கிழமையே அவருடன் போய்விட்டேன்.

உத்திர வீதியில் வீடு. பெரியப்பா ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், எழுபதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் அன்றே கூப்பிட ஆரம்பித்தேன். மாமி சின்ன உருவம். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், காபி கொண்டுவந்து வைத்தார்.

மாமா துப்பாக்கியை எடுத்து வந்தார். பாலிஷ் இல்லை, பெயிண்ட் இல்லை. கட்டை வால்நட் மரம். திருகாணிகள் ஒன்றில் கூட ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் இல்லை. பல வருஷமாக நான் படத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த, முதல் உலகப்போருக்கு முந்தைய ஒரு மாடலின் அமைப்பு அப்படியே இருந்தது. ஆனால் அந்த மாடலையும் போலி செய்திருக்கிறார்கள். முத்திரையைப் பார்த்தால்தான் நிச்சயம். குழல் மடங்கும் இடத்துக்குப் பின்னால், சரியாக முத்திரை இருக்கவேண்டிய இடத்தில், பளிச்சென்று திருமண்ணும் ஸ்ரீசூர்ணமுமாக நாமம் சாத்தியிருந்தது.

"மாமா, இதைக் கொஞ்சம் ஈரத்துணியால துடைச்சுப் பார்க்கலாமா?"

"அழிக்கப்படாது" என்றார் மாமா. கோபமாக இல்லை, பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற மாதிரி. "சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் அலம்பிட்டுப் புதுசா சாத்துவோம். அன்னிக்குக் காலம்பற வாங்கோ, பேஷா பாக்கலாம்."

பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சரி என்று போனில் டார்ச்சைப் போட்டு, குழலுக்குள் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு குழலைப் பார்த்ததில்லை. உள்ளே திருகுத் திருகாக ஓடும் வரிகள் நேற்றுக் கடைந்தது போல் மின்னின. ஈயத்தின் கறை ஒரு துளி இல்லை.

"இதுல எத்தனை குண்டு சுட்டிருப்பீங்க மாமா?"

"குண்டா?" மாமா பதறிவிட்டார். "குண்டெல்லாம் போட்டதே கிடையாது. ரயில்வேல இருந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போறச்சே அப்பாகிட்ட குடுத்துட்டுப் போனது. அப்பாவும் போட்டதில்லே, நானும் போட்டதில்லே. வானர ஜாதி, பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணின ஜாதி. அதுமேல குண்டு போடலாமோ? வெறும் சத்தந்தான். டப்புனு ஒரு தரம். ஓடிப்போயிடும்."

"குண்டு கூட வந்திருக்குமே? டப்பா?"

"ஒரு தகர டப்பா இருந்தது, படம் போட்டு. பிரிக்கவே இல்லே. அப்பா அதைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துல விட்டுட்டார்."

பிரிக்காத ஜெர்மன் குண்டு டப்பா. கொள்ளிடத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன்.

அப்போது மாடியிலிருந்து தடதடவென்று சத்தம். மாமா என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு படியேறினார். பின்னாலேயே போனேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நாலு குரங்கு. மாமா குழலை மடக்கினார், நிமிர்த்தினார், வானத்தைப் பார்த்துச் சுட்டார். டப். குரங்குகள் அடுத்த வீட்டுக்குத் தாவின. எனக்கு மட்டும் இன்னொரு சத்தம் கேட்டது. டப்புக்குப் பின்னால், உள்ளே, கரகரவென்று ஒன்று. ஸ்பிரிங் முடியப்போகிற சத்தம்.

ஏர்கன்னைக் குண்டு போடாமல் சுடக் கூடாது. அதை வைத்திருக்கிறவர்கள் முதலில் படிக்கும் பாடம் இதுதான். குண்டு இருந்தால் அது காற்றைக் கொஞ்சம் அடைத்து நிற்கும், பிஸ்டன் அந்தக் காற்றில் மெத்தென்று மோதும். குண்டு இல்லையென்றால் காற்று ஓடிவிடும், பிஸ்டன் நேரே இரும்பில் போய் அறையும். தோல் வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் ஒருநாள் ஒடியும். இரண்டு தலைமுறையாகத் தினமும் வெறுமனே சுட்டும் இது உயிரோடு இருந்ததே அதிசயம். இதையெல்லாம் மாமாவிடம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். வாத்தியார் அல்லவா, கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்த அடி யாருக்கு விழறது?"

"துப்பாக்கிக்கே விழுது மாமா."

"விழட்டும்" என்றார். "அது இரும்புதானே. கொரங்குக்கு வலிக்கும்."

வீட்டுக்கு வந்து, "குரங்கு கையில பூமாலை!" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "யாரு குரங்கு?" என்றார் அவர் பேப்பரை இறக்காமல்.

அந்தத் துப்பாக்கி எனக்கு வேண்டும். ஒடிவதற்குள் வேண்டும். அடுத்த சனிக்கிழமை போய், என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்று நேராகவே கேட்டேன். மாமா மாமியைப் பார்த்தார். மாமி முழங்கைக்குக் கீழே புடவையை விலக்கிக் காட்டினார். ஒரு நீளத் தழும்பு, தையல் போட்ட வரிசையோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வடாம் காயவைக்கப் போனபோது ஒரு ஆண் குரங்கு பாய்ந்து கடித்தது. அன்றைக்கு மாமா வீட்டில் இல்லை. அதிலிருந்து டப் சத்தம் கேட்டால்தான் மாமி மாடிப்படியில் கால் வைப்பார். காலை பதினோரு மணிக்கு, குரங்கு இருக்கிறதோ இல்லையோ, மாமா ஒருதரம் சுடுவார். மாமி மேலே போவார்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தாம்மா எனக்குக் கால் வரும்" என்றார் மாமி.

நானும் விடவில்லை. பட்டாசு சொன்னேன். எதிர்வீட்டில் கைக்குழந்தை என்றார்கள். கடைத்தெருவில் பெரிய புலி பொம்மை ஒன்று வாங்கிக் கொண்டுபோய் மாடியில் வைத்தேன். மறுவாரம் அதன் பஞ்சு வீதி முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. கடைசியில் என்னிடம் இருந்த போலி ஒன்றை, நல்ல சத்தம் போடுவதாகப் பார்த்து எடுத்துப்போனேன். "இதை எவ்வளவு வேணா வெறுமனே சுடுங்க மாமா, எனக்குக் கவலையே இல்ல." மாமா வாங்கிச் சுட்டார். கைப்பிடிச் சுவரில் இருந்த ஆண் குரங்கு திரும்பிப் பார்த்தது. பிறகு முதுகைச் சொறிந்துகொண்டு வடாம் தின்றது. இன்னொரு தடவை சுட்டார். குட்டி கூட அசையவில்லை. மாமா பழையதை எடுத்து வந்து ஒரே ஒரு டப். மாடி காலி.

"அதுக்குத் தெரியறது டீச்சர், இது டூப்ளிகேட்னு" என்றார் மாமா.

நாலு புத்தகம், மூன்று லென்ஸ், பல வருஷ அனுபவம். நான் முத்திரைக்காகக் காத்திருக்கிறேன், ஸ்ரீரங்கத்துக் குரங்கு காதாலேயே சொல்லிவிட்டது. கடுப்பில் போலியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

சனிக்கிழமை தவறாமல் போனேன். ஒரு துளி எண்ணெய் விடுவதற்கு என்று பேர். உண்மையில் அந்தக் கரகரப்பைக் கேட்பதற்கு. ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் நீளமாகியிருந்தது. கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா குண்டு வைத்திருப்பேன். "ஒண்ணே ஒண்ணு போட்டு வானத்தைப் பார்த்துச் சுடுங்க மாமா, யார் மேலயும் படாது" என்பேன். மாமா டப்பாவைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்ப்பார். "கையில குண்டு இருந்தா மனசுல என்னிக்காவது கோவம் வந்துடும் டீச்சர். அப்ப வானத்தைப் பாத்து சுடமாட்டேன்." டப்பாவைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன்.

சரஸ்வதி பூஜையன்று காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். கூடத்தில் பலகை போட்டு, கோலம் போட்டு, புத்தகங்களை அடுக்கியிருந்தது. பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. துப்பாக்கிக்கும் அன்று ஓய்வு. அதனால் மாமி சீக்கிரமே மாடிக்குப் போய், முந்தினநாள் காயப்போட்ட துணிகளை எடுத்துவரலாம் என்று கிளம்பினார். ஏழு மணிக்குக் குரங்கு வராது என்று இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

மாமா ஈரத்துணியால் பழைய திருமண்ணைத் துடைத்து, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "நான் தீர்த்தமாடிட்டு வந்து புதுசா சாத்தறேன். அதுக்குள்ள நன்னா பாத்துக்கோங்கோ." பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜன்னலருகே போய் லென்ஸை வைத்தேன். முத்திரை இருந்தது. விளிம்பு கூர்மையாக, எழுத்து ஒவ்வொன்றும் ஒரே ஆழத்தில். அதன் கீழே இரண்டு சின்ன எண்கள், கோணாமல். நான் தேடிய மாடலேதான், நான் நினைத்ததற்கும் நாலு வருஷம் முந்தையது. எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. போட்டோ எடுக்கப் போனைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன்.

மேலே மாமி கத்தினார்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மாமி தண்ணீர்த் தொட்டியின் மூலையில் முதுகு ஒட்டி நின்றார். துணிகள் காலடியில் கிடந்தன. அந்த ஆண் குரங்கு இரண்டடி தூரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு புடவையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மாமி கடிபட்ட கையை மார்போடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் "போ, போ" என்று கத்தினேன். அது என்னை நோக்கித் திரும்பி உறுமியது. என் கையில் துப்பாக்கி இருந்தது. குண்டு கீழே, கைப்பையில். மடக்கினேன். அந்தக் கரகரப்பு என் உள்ளங்கையிலேயே ஓடியது. செய்யக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். நிமிர்த்தினேன், வானத்தைப் பார்த்துச் சுட்டேன்.

டப் என்றது. கூடவே உள்ளே ணங்கென்று ஒன்று ஒடிந்தது. கட்டை வழியாகத் தோளில் வந்து இடித்தது.

குரங்கு போய்விட்டது. இரண்டு தலைமுறை தினம் தினம் அடித்தும் ஒடியாதது, என் கையில் ஒரே தடவையில் ஒடிந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வரவில்லை. துப்பாக்கியைச் சாய்த்தால் உள்ளே துண்டுகள் கலகலத்தன. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

மாமியைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். மாமா தலை சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு ஓடிவந்து நின்றார். மாமியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"டீச்சர், குண்டு போட்டுட்டேளா?"

"போடல மாமா. வெறுமனேதான் சுட்டேன்."

"அப்பாடா" என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பெருமாள் காப்பாத்தினார். நீங்கோ பதட்டத்துல போட்டுருவேளோன்னு பயந்துட்டேன்."

வேஷ்டி மாற்றிக்கொண்டு வந்து, திருமண் குழைத்து, முத்திரையின் மேல் பொறுமையாகச் சாத்தினார். போட்டோ எடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். ஒடிந்ததையும் சொல்லியிருக்கலாம். மாமி என் புடவைத் தலைப்பைப் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். என்னிடம் இருந்ததில் மிக நல்ல ஜெர்மன் துப்பாக்கியை, அந்த முதல் துப்பாக்கியை, எடுத்துப் பிரித்து அதன் ஸ்பிரிங்கை உருவினேன். போலியின் ஸ்பிரிங்கும் அதே அளவுதான். அதைப் போட்டால் குரங்கு நம்பாது.

மறுநாள் பூஜையிலிருந்து எடுத்ததும் ஸ்ரீரங்கத்தில் அவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்து அந்த ஜெர்மன் ஸ்பிரிங்கை மாட்டினேன். பதினோரு மணிக்கு மாமா சுட்டார். டப். கரகரப்பு இல்லை. மாமி படியில் கால் வைத்தார்.